பன்னிரண்டு காற்று

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் ஊரிகத்து லைன் வீடுகளில் சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது. சைனைட் மேட்டிலிருந்து மாவு போன்ற சாம்பல் தூள் எழும்பி வந்து கூரை இடுக்கில் இறங்கும், கொடியில் காயும் துணியில் படியும், சோற்றில் விழுந்து பல்லில் நறநறக்கும். கோலார் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு அது. பிலோமினா அந்த மாதங்களில் எல்லாவற்றையும் மூடி வைப்பாள். மூடி வைத்ததை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுவாள். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கத் தையலைப் புரட்டிப் புரட்டிக் குறை தேடிய கண், வீட்டுக்கு வந்தும் அடங்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து மாட்டுக்கறியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். முன்னறையில் அவள் புருஷன் ஏனோக்கும் தம்பி நோயலும் ஒரே போனில் தலையை விட்டிருந்தார்கள்.

"இந்த சிகரெட் லைட்டர்ல சொருவுற மிஷினு வேணாம் மாமா," என்றான் நோயல். "ரெண்டாவது டயரு பாதில கீறப்பவே சூடாயி நின்னுடும். ஃபியூஸு போவும்."

"சார்ஜ் போட்டு எடுத்துகினு போறது கீதே, அது?"

"அது காருக்காரங்க வெச்சிக்கிறது. நம்ம டயரு சைஸு இன்னா, அது சைஸு இன்னா? பேட்டரில நேரா கிளிப்பு மாட்றது தான் ஒத்து வரும்."

அம்மியில் மிளகைத் தட்டிக்கொண்டிருந்த பிலோமினாவின் கை நின்றது.

"இன்னா மிஷினு?"

"காத்து புடிக்கறது பிலோ. ஜீப்புக்கு," என்றான் ஏனோக்.

அவன் கனரக எந்திரத் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தவன். காண்ட்ராக்ட் முடிந்ததும் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து, இரண்டு மாதம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தான். வாரநாளில் தோட்டங்களுக்குச் சாமான் அடிப்பான். சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பெரிய ஜீப்புகளில் வருகிறவர்களைக் காமசமுத்திரம் பக்கத்துப் பாறைக் காட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவதற்கென்றே அவ்வளவு தூரம் வருகிற ஜனங்கள்.

"பங்சர் ஆனா ஒரு டயரு தானே ஆவும்? தம்பி ரெண்டாவது டயருங்கறான். எத்தினி டயருக்குக் காத்து புடிக்கப் போறீங்க?"

முன்னறையில் இரண்டு தலையும் போனிலிருந்து நிமிர்ந்தன. பிறகு ஏனோக் சொன்னான்: "பாறைல ஏறும்போது நாலுலயும் கொஞ்சம் எறக்குவோம். அப்ப தான் டயரு அகலமா குந்திகினு புடிப்பா ஏறும். ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணும். இல்லன்னா டயரு சூடாயி கிழிஞ்சிடும்."

"இத்தினி நாளு எங்க ஏத்துனீங்க?"

"பங்சர் கடைல."

"அந்தக் கடைக்கு இப்ப இன்னா ஆச்சு?"

"கடை கீது... சும்மா ஒரு வசதிக்கு தான்."

அவள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நோயலு, அது சூடாயி நின்னுடும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வீடியோல பாத்தேன்கா."

சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு நேரே, லைன் வீட்டுக் கூரைகளுக்கு மேலே, சைனைட் மேடு வெள்ளையாய்ப் படுத்துக் கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கூட்டாளிகளோடு அதன்மேல் பைக் ஓட்டப் போனவன் நோயல். மேலே கெட்டித் தரையாகத் தெரிந்த இடத்தை அடியில் மழைத் தண்ணீர் அரித்துப் பொந்தாக்கியிருந்தது. பைக்கோடு உள்ளே போனான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பிலோமினா ஏனோக்கை மாதா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, இந்த வீட்டு ஆட்கள் யாரும் இனிமேல் அந்த மேட்டில் கால் வைக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினாள். இப்போது நோயல் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கம்பக்கத்தார் போன்களை ரிப்பேர் செய்கிறான்.

கறி நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டு பேரும் பேசாமல் தின்றார்கள். ஏனோக் வழக்கமாக இரண்டாம் முறை களி கேட்பான், அன்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் மமதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதே சட்டைக் கம்பெனியில் வேலை, மாரிகுப்பத்தில் ஏறுகிறவள். வீட்டில் கன்னடம், வண்டியில் தமிழ்.

"பிலோக்கா, போன சனிக்கிழம நீங்க லீவா?"

"இல்லியே. ஏன்?"

"நம்ம நாத்தினி பாத்தாளாம். உங்க ஜீப்பு மாரிகுப்பத்துப் பக்கமா சைனைட் மேட்டுக்குத் திரும்பிச்சாம். முன் சீட்டுல ஒரு லேடி, மூஞ்சியெல்லாம் பச்சை துப்பட்டா சுத்திகினு. நீங்கன்னு நெனச்சி கை காட்டிருக்கா. திரும்பியே பாக்கலியாம்."

பிலோமினா டிபன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நம்ம ஜீப்பு மாதிரி ஊர்ல பத்து ஜீப்பு கீது," என்றாள்.

"ஹௌது, அத்த தான் நானும் சொன்னேன்," என்று மமதா உடனே ஒத்துக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை.

அன்று கம்பெனியில் மூன்று நல்ல சட்டைகளைக் கழித்துப் போட்டுச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பீரோவைத் திறந்தாள். பச்சைத் துப்பட்டா அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் மடிப்பு அவளுடையது இல்லை. அவள் நாலாக மடித்து ஓரத்தை உள்ளே விடுவாள். இது சும்மா சுருட்டி அழுத்தி வைத்தது. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம். ஈஸ்டருக்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

அவளுடைய துப்பட்டாவையே ஒருத்திக்குச் சுற்றக் கொடுத்து, பிறகு துவைத்தும் வைத்திருக்கிறான். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. துப்பட்டாவை உதறி, நாலாக மடித்து, ஓரத்தை உள்ளே விட்டாள்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடம் போனாள். பிலோமினா வேலைக்குப் போகும் நாட்களில் நோயலுக்குச் சோறு போட்டு, கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர் அவர்தான்.

"பார்வதம்மா, சனிக்கிழம தம்பி மத்தியானம் சாப்ட்டானா?"

"ஓ, நல்லா சாப்ட்டானே."

"அவரு எப்ப வந்தாரு?"

"யாரு, ஏனோக்கா? நான் இன்னாத்தக் கண்டேன் மா, வருவான் போவான்." பார்வதம்மா முறத்தை எடுத்து, ஏற்கெனவே புடைத்திருந்த ராகியை மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

லைனுக்கே தெரிந்த ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று பிலோமினாவுக்குப் பட்டது. வீட்டுக்குத் திரும்பித் துடைப்பத்தை எடுத்தாள். மனசு கொதித்தால் அவளுக்குப் பெருக்க வேண்டும். நோயல் சக்கர நாற்காலியில் பின்பக்கம் காற்றாட உட்கார்ந்திருந்தான். அவன் கட்டிலுக்கடியில் துடைப்பம் எதிலோ தட்டியது. இழுத்தாள். கோணிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் மிஷின், சுருட்டிய குழாய், காற்று அளவு காட்டும் முள். லைட்டரில் சொருகும் முனை உருகிக் கறுத்திருந்தது. வாயருகே பிடித்து ஊதினாள். ஓட்டைகளிலிருந்து சாம்பல் தூள் பறந்து முகத்தில் அடித்தது. அந்தத் தூளை அவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் அதைச் சோற்றிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பாறைக் காட்டில் செம்மண்தான் உண்டு. மிஷின் வயிற்றுக்குள் இவ்வளவு தூள் ஏற வேண்டுமானால் மேட்டில் வைத்தே ஓட்டியிருக்க வேண்டும்.

மிஷினைக் கோணியில் சுற்றி இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டாள். இப்போது கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதை சொல்வார்கள். ராத்திரி களி கிண்டிக்கொண்டே, "மிஷினு வாங்க என்னிக்குப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளான்னிக்கு, பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கு."

"நானும் வரேன். லீவு போட்டுக்கறேன்."

ஏனோக் நோயலைப் பார்த்தான். நோயல் ஒரு போனின் வயிற்றைத் திறந்து அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"உனக்கு எதுக்கு பிலோ அலைச்சலு?"

"எனக்கும் தெரிஞ்சிக்கணும், எது நல்ல மிஷினுன்னு."

ஜே.சி. ரோட்டில் அந்தக் கடை ஒரு அறை அகலம்தான் இருக்கும். கூரை வரைக்கும் பெட்டிகள். கடைக்காரர் தசரதன் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சுக்கு நடுவில் கன்னடம் தானாக வந்து விழும். மூன்று மிஷின்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது சார்ஜ் மாடல். பைக்குக்கு, காருக்கு சாக்கு, போதும். பெரிய டயருன்னா ரெண்டோட மூச்சு வாங்கும். இது லைட்டர்ல போடறது..."

"அது வேணாம்," என்றான் ஏனோக், கொஞ்சம் அவசரமாக.

"ஏன், எரிஞ்சி போச்சா முன்னாடி?" என்று கேட்டாள் பிலோமினா.

தசரதன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மூன்றாவதை முன்னால் தள்ளினார். இரும்பில் செய்தது, கையில் தூக்கினால் அம்மிக் குழவி மாதிரி கனத்தது. கொம்பு போல இரண்டு சிலிண்டர்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது பேட்டரில நேரா கிளிப்பு. இஞ்சின ஓட விட்டுட்டு தான் போடணும், இல்லன்னா பேட்டரி படுத்துக்கும். ரெண்டு சிலிண்டரு. அரை மணி நேரம் நிக்காம அடிச்சாலும் தாங்கும். குழா நாலு சக்கரத்துக்கும் எட்டும், வண்டிய சுத்தி சுத்தி மிஷின தூக்கிகினு ஓட வேணாம். போதுங்கற அளவ வெச்சிட்டா தானா நின்னுடும்." முள்ளைத் தட்டிக் காட்டினார். "ரோட்டுக்கு முப்பது வெப்பீங்க. எவ்ளோ வரைக்கும் எறக்குவீங்க சார்?"

ஏனோக் குழாயின் முனையைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து தானாக வந்தது: "பன்னெண்டு."

"பன்னெண்டா? ஓ, மணல்ல ஓட்றீங்களா!"

"இல்ல, பாறை தான்..."

"பாறைல பன்னெண்டுக்கு எறக்குனா கல்லு இடிச்சி ரிம்மு நசுங்கிடுமே சார். பாறைக்கு இருவது, போனா போவுது பதினெட்டு. பன்னெண்டு காத்துன்னா அது மணலு, இல்ல மாவு மாதிரி மண்ணு. கோலாரு பக்கம் எங்க சார் அப்பிடி மணலு?"

பிலோமினா மேஜையிலிருந்த மிஷினைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு திருகு ஆடியது.

"இந்தப் பீசு வேணாம். வேற பெட்டி ஒடச்சி காட்டுங்க," என்றாள். "ஓட விட்டும் காட்டுங்க. அரை மணி நேரம் தாங்குதான்னு பாத்துட்டு தான் எடுத்துகினு போவோம்."

தசரதன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடை வாசலில் ஒரு பேட்டரியை வைத்து, பஸ் சத்தத்துக்கும் மேலே அந்த மிஷின் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்க, அரை மணி நேரமும் அதன் எதிரிலேயே நின்றாள். ஏனோக் எதிர்க்கடை நிழலில் போய் நின்றுகொண்டான்.

சாயங்கால வண்டியில் எப்படியோ இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. மிஷின் பெட்டி ஏனோக்கின் மடியில். பங்காருபேட்டையில் பாதி வண்டி காலியாகும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

"யாரு அவ?"

"எவ?"

"என் பச்சை துப்பட்டாவ சுத்திகினு முன் சீட்டுல குந்தினு வந்தாளே, அவ."

ஏனோக்கின் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அங்கேயே செத்தது. "அப்பிடி எவளும் இல்ல பிலோ. சத்தியமா."

"அப்ப யாரு?"

"நான் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"யார் கிட்ட?"

அவன் பெட்டியின் கயிற்றை இழுத்து இறுக்கினான்.

"எனக்குக் குடுத்த வாக்கு ஒண்ணு கீதே. மாதா எதிர்ல. அத்த இன்னா பண்ணீங்க?" அவள் குரலைத் தாழ்த்தினாள், எதிர் சீட்டில் ஒரு கிழவர் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். "மேட்டுல தான ஓட்றீங்க? பொய் சொன்னீங்கன்னா இந்தப் பெட்டியத் தூக்கி வெளிய போட்டுடுவேன்."

"ஆமா," என்றான் ஏனோக். "மேட்டுல தான்."

ஊரிகத்தில் இறங்கி வீடு வரைக்கும் அவன் முன்னால் பெட்டியோடும், அவள் பத்தடி பின்னாலும் நடந்தார்கள்.

சனிக்கிழமை அவள் எப்போதும்போல் டிபன் கட்டிக்கொண்டு காலை வண்டிக்குக் கிளம்பினாள். ஏறியது ஊரிகத்தில். இறங்கியது அடுத்த ஸ்டேஷனில், கோரமண்டலில். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். டிபனைத் திறந்து புளிச்சோற்றை இரண்டு வாய் தின்று பார்த்தாள். இறங்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து மாரிகுப்பத்துப் பக்கத்து மேட்டடிக்குப் போகச் சொன்னாள்.

நீலகிரி மரங்களுக்குப் பின்னால், வாட்ச்மேன் கண்ணில் படாத பக்கம், மேட்டிலிருந்து இறங்கும் மண் தடம் ஒன்று உண்டு. தூரத்திலேயே கடகட சத்தம் கேட்டது. அரை மணி நேரம் எதிரில் நின்று கேட்ட சத்தம், அவளுக்கு மறக்குமா? ஆட்டோவை அனுப்பிவிட்டு மரத்துக்கு மரம் நின்று நின்று போனாள்.

அவர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். இரண்டு பெரிய ஜீப்புகள் காற்றுப் பிடித்து முடித்து ரோட்டைப் பார்த்து நின்றன. மூன்றாவது அவர்களுடைய பழைய ஜீப். பானெட் திறந்திருந்தது. ஏனோக் முன் சக்கரத்தின் அருகே குந்தியிருந்தான். முன் சீட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த உருவத்தின் தலையில் பச்சைத் துப்பட்டா. பெங்களூர்ப் பையன் ஒருவன் ஜன்னல் வழியாக அந்த உருவத்திடம் குனிந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிலோமினா ஓடவில்லை. நேராக நடந்து போய், பின்பக்கமாகக் கையை நீட்டித் துப்பட்டாவை ஒரே இழுப்பில் உருவினாள்.

நோயல் திரும்பினான். கண்ணைச் சுற்றி மட்டும் சாம்பல் பூசிய மாதிரி வட்டம். கீழே முகம் சுத்தமாக இருந்தது. மடியில் ஒரு காற்று அளவுக் கருவி. பின் சீட்டில் அவனுடைய சக்கர நாற்காலி மடித்துக் கயிற்றால் கட்டிக் கிடந்தது.

"அக்கா..."

பெங்களூர்ப் பையன் நிமிர்ந்தான். பவன் என்று பேர். "நீங்க நோயல் சாரோட அக்காவா மேடம்? சூப்பர் கைடு அவரு! லெஃப்ட், ரைட், ஸ்டாப்னு சொல்லிகிட்டே வருவாரு. அவர் வண்டி முன்னாடி போகலைன்னா நாங்க யாரும் ஏறவே மாட்டோம்." அவள் முகத்தைப் பார்த்து அவன் பேச்சு தேய்ந்தது. ஏனோக் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, "நீங்க கெளம்புங்க சார்," என்றான். இரண்டு ஜீப்புகளும் தூளைக் கிளப்பிக்கொண்டு போயின.

பழைய ஜீப்பால் கிளம்ப முடியவில்லை. முதல் டயர் பாதிதான் ஏறியிருந்தது, மற்ற மூன்றும் பன்னிரண்டில் தட்டையாய் உட்கார்ந்திருந்தன. அப்படியே தார் ரோட்டில் ஏற்றினால் கிழியும். மிஷின் அடித்துக்கொண்டே இருந்தது. அது அடிக்கும்போது கத்தினால்தான் கேட்கும். பிலோமினா கத்தினாள்.

"உன்ன முழுங்குன எடம்டா இது! திரும்பவும் வந்து குந்திகினு கீற!"

"நான் தான்கா கேட்டேன்," என்று அவனும் கத்தினான். "மாமா முடியாது முடியாதுன்னாரு. நான் சோறு துண்ணாம கெடந்தேன். அப்பால தான் ஒத்துக்கினாரு!"

"இங்க இன்னாடா கீது?"

"வூட்ல இன்னாக்கா கீது? போனு. ஒடஞ்சி போன போனு. அப்புறம் ஜன்னலு, ஜன்னலுக்கு வெளிய இந்த மேடு. ஆறு வருசமா பாத்துகினே கீறேன். என்னை இப்பிடி ஆக்குனது அங்க படுத்துகினு கீது, நான் இங்க படுத்துகினு கீறேன். மேல போயி பாத்தா தான் என் பயம் போவும்னு..."

மிஷின் டக்கென்று தானாக நின்றது. மிச்ச வார்த்தைகள் அந்த அமைதியில் ரொம்பப் பெரிதாகக் கேட்டன: "...மேல போயி நாலு பேருக்கு வழி சொல்றேன்கா. என்னை சார்னு கூப்புடறாங்க."

ஏனோக் குழாயைக் கழற்றி அடுத்த சக்கரத்துக்குக் கொண்டுபோனான். மிஷின் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. பிலோமினா மேட்டை அண்ணாந்து பார்த்தாள். பக்கச்சுவர் முழுக்க மழை கிழித்த பள்ளங்கள். சில ஓராள் உயரம், சில அடியே தெரியவில்லை. போன வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு முகடு இப்போது அங்கே இல்லை. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிஷின் நிற்கும்வரை அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

நின்றதும் கேட்டாள்: "நோயலு, நீ இங்க பைக்கு ஓட்னது ஆறு வருசத்துக்கு முன்னால. எத்தினி மழை பேஞ்சிருக்கும்? பழைய வழி எப்பிடிடா இன்னும் அப்பிடியே கீது?"

"எனக்குத் தெரியும்கா. மேல ஏறினதும் ஞாபகம் வந்துடும். ஒரு தடவ கூட நான் சொன்னது தப்பல. கேளு மாமாவ."

ஏனோக் சக்கரத்தின் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"மாமா?"

"கேக்கறான் இல்ல? சொல்லுங்க," என்றாள் பிலோமினா. அவளுக்கு அவன் முதுகைப் பார்த்தே புரிய ஆரம்பித்துவிட்டது.

"நான் விடிகாலைல வந்துடுவேன்," என்றான் ஏனோக், நிமிராமலே. "நீ ஸ்டேஷனுக்குப் போனதும். ஒரு இரும்புக் கம்பி வெச்சிகினு முழுக்க நடந்து குத்திப் பாத்துடுவேன். எங்க கம்பி உள்ள போவுதோ அங்க ஓரமா ஒரு கல்லு வெச்சிட்டு வருவேன். அப்பால தான் இவன இட்டாற வூட்டுக்கு வருவேன்."

"நான் லெஃப்ட்டுன்னு சொல்லும்போது?" நோயலின் குரல் சின்னதாகிவிட்டது.

"பாதிக்கு மேல நீ சொல்றது சரியா தான் இருக்கும் மச்சான்."

"மீதிக்கு?"

"மீதிக்கு நான் கல்லப் பாத்து ஸ்டியரிங்க கொஞ்சம் ஒடிச்சிக்குவேன்."

மேட்டின்மேல் காற்று ஒரு சுருள் தூளைக் கிளப்பி, கொண்டுபோய், எங்கேயோ போட்டது. பிலோமினா தன் புருஷனின் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சாம்பல். தனியாளாக, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், பொந்தின்மேல் பாலாடை படிந்த மாதிரி கிடக்கும் தரையில், வாராவாரம் நடந்திருக்கிறான். உள்ளே போயிருந்தால் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது. ஒரு பெண்ணை நினைத்து ஐந்து நாளாக அவனை மனசுக்குள் வறுத்தெடுத்திருந்தாள். பெண்ணாகவே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அதற்குக் கோபப்பட்டால் போதும். இதற்கு என்ன படுவது?

நோயல் காற்று அளவுக் கருவியைச் சீட்டின்மேல் வைத்தான். "மீதி ரெண்டுக்கும் காத்து புடிச்சி முடிங்க மாமா. வூட்டுக்குப் போலாம். ரெண்டு போனு டெலிவரி குடுக்கணும்."

சொன்னபோது அவன் முகம் ஜன்னலோரத்து முகமாக மாறிவிட்டிருந்தது. பிலோமினாவுக்கு அந்த முகம் பழக்கம். தினமும் காலையில் டாட்டா சொல்லிவிட்டுப் போவதும் அந்த முகத்துக்குத்தான். கொஞ்சம் முன்னால் துப்பட்டாவை உருவியபோது திரும்பிய முகம் வேறு. தூளும் பயமும் திருட்டுத்தனமுமாக இருந்தாலும், அதை அவள் ஆறு வருஷமாகப் பார்க்கவில்லை.

மீதி இரண்டு சக்கரத்துக்கும் காற்றுப் பிடிக்கும்வரை அவள் மரத்தில் சாய்ந்து நின்றாள். மிஷின் சூடாகவில்லை; கிட்டே போய் ஒரு தடவை புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏனோக் கிளிப்புகளைக் கழற்றி பானெட்டை மூடினான். அவள் பின்பக்கம் ஏறி, சக்கர நாற்காலிக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"வூட்டுக்கா?" என்றான் ஏனோக்.

"மேட்டுக்கு இனிமே யாரும் வரக் கூடாது. அந்தப் பசங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

நோயல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேத்தமங்கலம் ரோட்டுல, உள்ளாற ஒரு ஏரி கீதே," என்றாள் பிலோமினா. "தண்ணி இல்லாம கெடக்குதுன்னு பார்வதம்மா சொன்னாங்க. அங்க இந்த வண்டி போவுமா?"

ஏனோக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "ஓரத்துல கெட்டியா இருக்கும். நடுவுல போவப் போவ சேறு. எங்க கெட்டி எங்க சேறுன்னு மேலாக்க தெரியாது."

"யாராவது முன்னால நடந்து பாக்கணும்," என்றான் நோயல், யாரையும் பார்க்காமல். "ஒளிஞ்சிகினு இல்ல. என் கண்ணு எதிர்ல."

"அதான் நான் கீறேனே," என்றாள் அவள்.

ஏரி வெடித்துக் காய்ந்து கிடந்தது. கரையில் வண்டியை நிறுத்தி ஏனோக் நாலு டயரிலும் காற்றை இறக்கினான். ஒவ்வொரு தடவையும் அளவுக் கருவியை ஜன்னல் வழியாக நீட்டி, நோயல் முள்ளைப் படித்துப் பதினைந்து என்று சொன்ன பிறகே அடுத்த டயருக்குப் போனான். பிலோமினா செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கரையில் கிடந்த ஒரு மூங்கில் கழியோடு ஏரிக்குள் இறங்கினாள். பத்தடி பின்னால் ஜீப் ஊர்ந்து வந்தது.

"நேரா போக்கா! அங்க வெடிப்பு பெருசா கீது, கெட்டி தான்!" என்று நோயல் முன் சீட்டிலிருந்து கத்தினான்.

அவள் கழியால் குத்தினாள். காலால் ஓங்கி மிதித்தாள். தரை கெட்டியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை, இரண்டு காலும் சேர்த்துக் குதித்துப் பார்த்துவிட்டு, வரச் சொல்லிக் கை காட்டினாள்.

"கெட்டி தான்னு சொன்னேன் இல்ல?"

"நீ சொல்லுவ," என்றாள் அவள், திரும்பாமல். "வலது பக்கம் பாத்து சொல்லு. பச்சையா ஏதோ தெரியுது."

"அது கோரைக்கா. அடியில ஈரம் இருக்கும். லெஃப்ட்டுல வளை."

அவள் கோரைப் பக்கம் போய்க் கழியை ஊன்றினாள். அது ஒரு முழத்துக்குச் சரக்கென்று இறங்கியது. பின்னால் ஏனோக் பிரேக் போட்டு நிறுத்தினான். கழியைப் பிடுங்கி எடுத்து, அதில் ஒட்டியிருந்த கறுப்புச் சேற்றை உயரத் தூக்கி அவனுக்குக் காட்டினாள் பிலோமினா. நோயல் முன் சீட்டில் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தான். அவள் இடது பக்கமாக வளைந்து, மிதித்து மிதித்து, முன்னால் போனாள்.